பாப்பாவின் இரவுப் பயிற்சி

பல்லாவரம், சென்னை
சனி இரவு

அன்புள்ள கோபாலுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் முழங்கால் வலிக்கு நான் என்ன வைத்தியம் சொல்வது, எனக்கும் அதே கதைதான். மாடிப்படி ஏறுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. ஏறிவிட்டால் மட்டும், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறேன்.

பாப்பா விமானம் ஓட்ட இரவுப் பயிற்சி தொடங்கிவிட்டாளா! ‘இருட்டில் பறக்கிறாளே, பயமாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறாய். பறப்பதை விடு. ரன்வே வரை தரையில் உருட்டிக்கொண்டு போகிறாளே, அந்தப் பத்து நிமிடத்தைத்தான் நான் யோசிப்பேன்.

நான் செஸ்னா 152 என்ற சின்ன விமானத்தில் பழகியபோது நடந்தது, உன்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு ராத்திரி ரன்வேக்கு முன்னால் நிறுத்தி, எஞ்சினைச் சோதிக்க நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு ஏற்றினேன். மடியில் செக்லிஸ்ட், பல்லுக்கிடையில் டார்ச். பிரேக்கில் கால் இருப்பதாகத்தான் நினைப்பு. கால் எப்போதோ தளர்ந்துவிட்டது. பகலாக இருந்தால் ஓரத்துப் புல் நகர்வதைக் கண் பிடித்திருக்கும். எழும்பூரில் பக்கத்து ரயில் கிளம்பினால் நம் ரயில் போவது போலத் தோன்றுமே, அதற்கு நேர் எதிர் இது: நாம் நகர்கிறோம், நிற்பதாகத் தோன்றுகிறது. பயிற்றுநர் கை எஞ்சின் வேகத்தைக் குறைக்க த்ராட்டிலை இழுத்த பிறகுதான் நிமிர்ந்தேன். தாண்டக் கூடாத மஞ்சள் கோடு மூக்குக்கு அடியில் கிடந்தது. அவர் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறைக்கிறது.

அதனால் அவளிடம் சொல்: உருளும்போது குனியவே கூடாது. எதையாவது படிக்க வேண்டுமா, நிறுத்திவிட்டுப் படிக்கட்டும். இருட்டில் வேகமும் குறைவாகத்தான் தெரியும். விளக்கு மூக்குக்கு முன்னால்தான் அடிக்கும்; இரண்டு பக்கமும் ஐந்தைந்து மீட்டர் இறக்கை இருட்டில் போகிறது. ரன்வேக்கு உருட்டிப் போகும் டாக்ஸிவே பாதையின் ஓரத்து நீல விளக்குகள் நேர்ப்பாதையில் அழகாக இருக்கும், திருப்பத்தில் எந்த வரிசை யாருடையது என்றே புரியாது. அப்புறம், பளிச் பளிச்சென்று வெட்டும் ஸ்ட்ரோப் விளக்கை ரன்வேக்குள் நுழையும்போது போட்டால் போதும். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஹைபீம் போட்டு வருகிறவனை நாம் என்னென்ன சொல்கிறோம்!

2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேதாவில் நடந்ததை அவளும் படித்திருப்பாள். நிலநடுக்கப் பகுதிக்கு உதவிப் பொருள் ஏற்றிய கடலோரக் காவல் படை விமானத்துக்கு, ‘நம்பர் ஒன், சி5-இல் நில்லுங்கள்’ என்பது போலத்தான் டவர் சொன்னது. முதலில் கிளம்பப்போவது நீங்கள், ரன்வேக்கு வெளியே சி5 என்ற இடத்தில் காத்திருங்கள் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். அனுமதி கிடைத்ததாக எண்ணிய கேப்டன் ரன்வேக்குள் போய் 40 விநாடி போல நின்றிருக்கிறார். இறங்கிய ஏ350 பயணிகள் விமானம் பின்னாலிருந்து மோதியது. பெரிய விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பினார்கள். சிறியதில் ஆறு பேரில் ஐவர் போய்விட்டார்கள். ரன்வே வாசலில் நிறுத்தச் சொல்லும் சிவப்பு விளக்கு வரிசை அப்போது பராமரிப்பில் இருந்தது. சந்தேகம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, டவரைக் கேட்கட்டும். வெட்கமே வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று வாங்கி அவளுக்குக் கூரியரில் போட்டிருக்கிறேன். சிவப்பு வெளிச்சமும் வரும், கண் கூசாது. ஆனால் வரைபடத்தில் சிவப்பு மையில் இருப்பது அந்த வெளிச்சத்தில் மறைந்துவிடும், மறக்காமல் சொல்லிவிடு.

உன்,
ரங்கன்