மகனுக்கு, கொட்டகலையிலிருந்து

அன்புள்ள மகன்,

இங்கே எல்லாரும் சுகம். விடாத மழை. கொழுந்து நல்லா வந்திருக்கு, எடுக்கத்தான் ஆள் இல்லை. அப்பாவுக்குச் சீனி பரவாயில்லை.

இப்போதெல்லாம் நீ வாட்ஸ்அப்பில் எழுதுவதே இல்லை, குரல்பதிவுதான் வருகிறது. வேலை கூட என்கிறார் அப்பா. இருக்கலாம். அன்றைக்கு வீடியோவில் போனை இடது கையிலேயே பிடித்திருந்தாய். சாப்பிட்டாயா என்றதற்குக் கரண்டியைக் காட்டினாய். நீ என்றைக்கடா கரண்டியால் சோறு தின்றாய்? நான் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த வாரம் உயர்தரப் பிள்ளைகளுக்குக் காயம்பட்ட இழையத்தைப் பற்றிப் படிப்பித்தேன். பாடத்திட்டத்தில் இவ்வளவு இல்லை, நான்தான் நீட்டிவிட்டேன். தோல் கிழிந்ததும் உடைந்த கலத்திலிருந்து ஏடிபி என்ற மூலக்கூறு வெளியே சிந்தும். உள்ளே இருக்கும்வரை அது சக்தி, வெளியே வந்தால் அபாயச் செய்தி. பக்கத்துக் கலத்தில் செய்தியைப் பிடிக்கிற வாங்கியில் அது பட்டால் அங்கே கல்சியம் ஏறும். கலத்தையும் கலத்தையும் இணைக்கிற சின்ன வாசல்களான இடைவெளிச் சந்திகள் வழியாக அடுத்த கலத்துக்கும், அதற்கடுத்ததுக்கும் போகும். எல்லாம் செக்கன் கணக்கில் தொடங்கிவிடும். காயத்து ஓரத்தில் உண்டாகும் ஐதரசன் பேரொட்சைட்டு வெண்குருதிக் கலங்களைக் கூப்பிடும். 2009 இல் வரிக்குதிரை மீன் குடம்பியின் வாலை வெட்டிப் பார்த்துத்தான் இதைக் கண்டார்கள். பிறகு ஓரத்துக் கலங்கள் மெல்ல நகர்ந்து வந்து புண்ணை மூடும். அவசரப்பட்டு வேலைக்கு இறங்கினால் மூடியது திரும்பப் பிளக்கும்.

"செடிக்கும் அப்படியா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். அப்படித்தான். 2018 இல் கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியொன்றில் பார்த்திருக்கிறார்கள். புழு கடித்த இடத்தில் குளுத்தமேற்று என்ற இரசாயனம் கசிந்து, கல்சிய அலை ஓரிரு நிமிஷத்தில் தூரத்து இலைவரை போயிருக்கிறது. கடிபடாத இலையும் தற்காப்புக்குத் தயாராகிவிடும். நரம்புத்தொகுதியே இல்லாத செடி, மகன்.

பொதுவாகச் சொல்கிறேன், இரும்போடு வேலை செய்கிறவன் ஏற்பூசி, அதுதான் டெட்டனஸ் ஊசி, போட்டிருக்க வேண்டும். நீ கடைசியாகப் போட்டது பள்ளிக்கூடத்தில். அழுக்குக் காயமென்றால் ஐந்து வருஷம் தாண்டினாலே திரும்பப் போடச் சொல்வார்கள். சீனியும் பார்த்துக்கொள். சீனி கூடினால் கலங்களுக்கிடையே இந்தப் பேச்சுவார்த்தை குழம்பும், புண் ஆறாது. தாத்தாவின் கால் உனக்குத் தெரியாததா?

உன் வெல்டிங் சான்றிதழை அப்பா லயத்தில் வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் காட்டினார். அந்தக் கையைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. எங்களிடம் மறைக்கிற அளவுக்கு நாங்கள் என்ன அந்நியமா?

இந்த மாதம் காசு அனுப்பாதே. கூரைத் தகரம் பிறகு மாற்றலாம், மருந்துக்கு வைத்துக்கொள். தீபாவளிக்கு வருகிறாயா என்று அத்தை கேட்கிறாள், அதற்கும் இப்போது பதில் வேண்டாம். ஏற்பூசி போட்டாச்சா என்று மட்டும் எழுது. இடது கையால் தட்டினாலும் பரவாயில்லை, எழுத்துப்பிழை பார்க்கமாட்டேன்.

அம்மா