எங்கள் தெருவுக்கு மறுபடியும் ரோடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வாசலில் பிரேக்கர் சத்தம். எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் ரோட்டை, போட்ட காண்ட்ராக்டரே உடைத்து அள்ளிக்கொண்டு போனார் என்றால் நம்புவாயா? உங்கள் வேலூரில் 2022-ல் நிறுத்தியிருந்த பைக்கோடு சேர்த்து ரோடு போட்டபோது உன்னைக் கேலி செய்து எழுதினேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மார்ச்சில் போட்டார்கள். மதியம் ஆரம்பித்து இருட்டுவதற்குள் முடித்துவிட்டார்கள். அந்த வேகத்தைப் பார்த்து எனக்கு சந்தோஷம்கூட. கோடி வீட்டு அண்ணன், ஓவர்சியராக இருந்து ரிட்டையர் ஆனவர், அவர் மட்டும் கலவை மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். "தண்ணியை ஊத்திக்கிட்டே இருக்கானுங்க பாருங்க" என்றார். கலவை இளகினால் பரப்புவது சுலபம், ஆள்கூலி மிச்சம். ஆனால் அதிகப்படியான தண்ணீர் காய்ந்து போகும் இடமெல்லாம் உள்ளே ஓட்டையாக நின்றுவிடும்; சிமென்ட் பால் மேலே வந்து வெறும் ஏடாகப் படியும். அப்புறம் க்யூரிங். குறைந்தது 7 நாள், இப்போது வருகிற, சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காயாமல் இருக்க வேண்டுமாம். இங்கே சாக்கு போட்டு இரண்டு நாள் நனைத்தார்கள். மூன்றாம் நாள் சாக்கையும் காணோம், ஆளையும் காணோம். ஏப்ரலில் ஆணியால் கீறினால் மாவாக உதிர்ந்தது. ஒரு கோடை மழைக்கே நடுவில் ஜல்லி தெரிந்துவிட்டது.

நாங்கள் நாலு பேர் கிருஷ்ணகிரி போய், கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு கொடுத்தோம். பேரூராட்சி ஆபீஸிலும் ஒன்று. அண்ணன் தனியாக 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டார். அந்தச் சட்டத்தில் காகிதம் மட்டும் இல்லை, நடந்த வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றளித்த மாதிரி எடுக்கவும்கூட நமக்கு உரிமை இருக்கிறதாம். 2005-லிருந்து இருக்கிற சட்டம். எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

மன்றக் கூட்டத்தில் நடந்ததை எங்கள் வார்டு கவுன்சிலர் வந்து சொன்னார். பாதிப் பேர், "வேலைதான் முடிஞ்சுபோச்சே, பில்லில் கொஞ்சம் கழிச்சுக்கலாம்" என்றார்களாம். எனக்கு அதில்தான் கோபம். பில்லில் கழித்தால் பேரூராட்சிக்கு லாபம், காண்ட்ராக்டருக்குத் தலைவலி தீர்ந்தது. என் வாசலில் நிற்கிற தண்ணீர் எங்கே போகும்? நல்லவேளையாக இறுதி பில் இன்னும் பாஸ் ஆகவில்லை. பணம் கையில் இருக்கும்வரைதான் நம் பேச்சுக்கு மரியாதை என்பது செயல் அலுவலருக்குத் தெரிந்திருந்தது. பில்லை நிறுத்திவைத்து, கோர் எடுக்கச் சொன்னார்.

இயந்திரத்தை வைத்து மூன்று இடத்தில் உருளையாகக் குடைந்து எடுத்தார்கள், பலாச்சுளையிலிருந்து கொட்டை எடுப்பதுபோல. சோதனையில் மூன்றின் சராசரி, சொன்ன வலிமையில் 85 சதவீதமாவது வர வேண்டும். எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. அதுதான் விதி. எங்கள் தெரு இரண்டிலும் ஃபெயில். கனமும் குறைச்சல்: எஸ்டிமேட்டில் 15 சென்டிமீட்டர், ஓரத்தில் அது சரியாக இருக்கிறது, நடுவில் பத்துதான்.

இந்த இடத்தில்தான் எனக்கு வேர்த்தது. "நடுவில் குறைந்த கலவை எங்கே போச்சு?" என்று பொறியாளர் கேட்க, காண்ட்ராக்டரின் மேஸ்திரி சத்தமில்லாமல் எங்கள் வாசல்களைக் கை காட்டினான். வண்டி ஏற்ற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாய்வு. ரோடு போட்ட அன்று மேஸ்திரி கையில் முந்நூறு ரூபாய் வைத்து நானும் போட்டுக்கொண்டேன். மனுவில் முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். அதனால் காண்ட்ராக்டர் செய்தது சரியாகிவிடாது. மொத்த சாய்வையும் சேர்த்தாலும் ஐந்து சென்டிமீட்டர் கணக்கு வராது என்று அண்ணன் அங்கேயே வாதாடினார். இருந்தாலும் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

முடிவு என்ன என்றால், தெருவின் கீழ்ப்பாதியைக் காண்ட்ராக்டர் தன் செலவிலேயே உடைத்துப் போட வேண்டும். மேல்பாதி தேறிவிட்டது, ஆனால் குறை வந்தால் போட்டவரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை அவர் கட்டிய வைப்புத்தொகை திரும்பாது. சாக்கடை மேல் ஏறியிருந்த சாய்வுகளையும் எடுத்துவிட வேண்டும். முதலில் உடைந்தது என்னுடையது. ஸ்கூட்டர் இப்போது பக்கத்துக் காலி மனையில் நிற்கிறது. என் வீட்டுக்காரி ஒரு மாதமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. "இருந்ததையும் கெடுத்துட்டு வந்துட்டார்" என்று பால்காரரிடம் சொல்கிறாள். தெருவில் பாதிப் பேர் அவள் கட்சி. இன்னொரு மாதம் தூசியும் பள்ளமும் யாருக்கு வேண்டும் என்கிறார்கள், அதுவும் நியாயம்தான்.

புது ரோடு போட்டு இன்றோடு ஆறு நாள். இந்த முறை ஒட்டுத் துணி மாதிரி இல்லாமல் முழு நீளத்துக்கும் சாக்கு. பேரூராட்சி ஆள் காலையில் வந்து நனைத்துவிட்டுப் போகிறார். சாயங்காலம் நானும் அண்ணனும் முறை வைத்து ஹோஸ் பிடிக்கிறோம். நேற்று ஒரு பையன் பைக்கில் ஏற வந்தான். அண்ணன் குறுக்கே போய்ப் படுக்காத குறை.

மாங்காய் சீசன் முடிவதற்குள் வருவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாக வா. காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு நடந்து வா, ரோடு முழு பலம் பெற வேண்டிய 28 நாள் இன்னும் ஆகவில்லை. வாசலில் இறங்கும்போது பார்த்து, சாய்வு இல்லை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்