2023ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா அவர்களே, பெரியவர்களே, உறுப்பினர்களே, அக்கா தங்கைமார்களே, அனைவருக்கும் வணக்கம். நம் விவசாயிகள் சங்கத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

பொங்கல் விழா வழக்கம்போல் கோயில் மண்டபத்தில் நடந்தது. ஞாயிறு தமிழ் வகுப்பு ஆண்டு முழுவதும் நின்றுபோகாமல் நடந்தது. மூத்த உறுப்பினர்கள் இருவர் காலமானார்கள். இரண்டு வீட்டுக் காரியத்துக்கும் சங்கம் சார்பில் போய் வந்தோம். அக்டோபரில் மியன்மாரின் பெகு நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது நம் இளைஞர்கள் ஐந்து நாள் சமைத்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். நிர்வாகக் குழு ஆறு முறை கூடியது.

இனி களைநெல் விஷயம், அதாவது நாம் விதைக்காமலே பயிரோடு களையாக முளைக்கும் நெல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சங்கப் பணத்தைக் களைநெல்லை அடக்கும் முறைகளைச் சோதித்த மாதிரி வயலில் போட்டுச் செயலாளர் வீணாக்கிவிட்டார் என்று சிலர் பேசுவது என் காதுக்கும் வந்தது. அவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நம் வயல்களில் களைநெல் எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். நாற்று நட ஆள் இல்லை. நேரடி விதைப்புக்கு மாறினோம். நடவு செய்த காலத்தில் நாற்று முந்திக்கொள்ளும், தேங்கிய தண்ணீர் களையை அமுக்கி வைக்கும். விதைப்பு வயலில் பயிரும் களையும் ஒரே நாளில் முளைக்கின்றன. அதிலும் களைநெல் நெல்லேதான், வேறு செடி இல்லை. குருத்தில் பார்த்தால் நாம் விதைக்கும் சின்துக்கா ரக நெல்லுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. கதிர் வந்த பிறகு உயர்ந்து நிற்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அறுப்புக்கு முன்பே அது மணியை உதிர்த்துவிடுகிறது. உதிர்ந்தது மண்ணில் வருடக்கணக்கில் கிடந்து முளைக்கிறது. உதிராமல் வந்த சிவப்பு மணியைக் காட்டி ஆலைக்காரர் கூடைக்கு விலை குறைக்கிறார். குதிரைவாலிப் புல்லுக்கும் கோரைக்கும் மருந்து உண்டு. நெல்லை விட்டுவிட்டு நெல்லை மட்டும் கொல்லும் மருந்து எங்கே இருக்கிறது?

இந்தச் சமயத்தில்தான் மலேசியாவில் வேலை செய்யும் நம் உறுப்பினர் ஒருவரின் மகன் அங்கே களைக்கொல்லி தாங்கும் நெல் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். ஏப்ரல் கூட்டத்தில் எல்லோரும் "அந்த விதையை வாங்கிக் கொடுங்கள், அது போதும்" என்றீர்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் சிலர் மனம் வருந்தியதும் எனக்குத் தெரியும். ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு.

அந்த நெல் உண்மைதான். அமெரிக்காவில் 2002இல் இமிடசோலினோன் வகைக் களைக்கொல்லியைத் தாங்கும் நெல் விற்பனைக்கு வந்தது. மலேசியாவில் 2010இல் வந்தது. இந்தியாவில் 2021இல் பூசா பாஸ்மதி 1979, 1985 என்று இரண்டு ரகங்கள் வெளியாயின. அவை அதே வகை மருந்தான இமசெத்தபைரைத் தாங்கும். இவை வேறு உயிரின் மரபணுவைப் புகுத்திய நெல் இல்லை. செடிக்குள் மூன்று அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு நொதி இருக்கிறது. மருந்து அதில் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துவதால்தான் செடி சாகிறது. இந்த ரகங்களில் அந்த நொதி கொஞ்சம் மாறியிருக்கிறது, அதனால் மருந்து ஒட்டுவதில்லை. வயல் முழுக்க அடித்தால் களைநெல் சாகும், விதைத்த நெல் நிற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் களைநெல்லும் நெல்லும் ஒரே இனம். பக்கத்தில் ஒரே நேரத்தில் பூத்தால் மகரந்தம் கலக்கும். நூற்றில் ஒன்றுகூடக் கலக்காது என்கிறார்கள். அந்தக் கொஞ்சம் போதும். மருந்தில் தப்பிய நாலு செடி பூத்து, கலந்து, மணியை உதிர்த்தால் அடுத்த போகத்தில் அதே மருந்தைத் தாங்கும் களைநெல் நம் மண்ணிலேயே முளைக்கும். அமெரிக்காவிலும் மலேசியாவிலும் இப்படித்தான் சில ஆண்டுகளில் மருந்துக்கு மசியாத களைநெல் வந்தது. அங்கே விதையோடு விதிமுறையும் கொடுத்தார்கள். ஒரே வயலில் தொடர்ந்து அந்த நெல்லையே போடக் கூடாது, தப்பிய செடியைப் பூக்கும் முன் பிடுங்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார்கள். எல்லோரும் கடைப்பிடிக்கவில்லை. ஒருவர் வயலில் வந்த வினை வாய்க்கால் வழியாகவும் அறுவடை இயந்திரம் வழியாகவும் எல்லோர் வயலுக்கும் போனது. இங்கே விதிமுறையும் இல்லாமல் ஒரு மூட்டை விதை மட்டும் வந்தால் என்ன ஆகும்?

அதனால் விதைக்கு முன்னால் மருந்துகளைக் கூட்டிப் பயன்படுத்தும் முறையை நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். கூட்டுவது என்றால் கையில் கிடைத்ததை ஒரே தெளிப்பானில் ஊற்றிக் கலக்குவது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ப்ரொபனில் என்ற களைக்கொல்லியை அடித்து நாலு நாள் கழித்து அதே வயலில் ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அடித்தேன். ஒன்றரை ஏக்கர் இலை கருகியது. நெற்பயிர் ப்ரொபனிலைத் தனக்குள் இருக்கும் ஒரு நொதியால் உடைத்துத் தப்பிக்கிறது. அந்தப் பூச்சிமருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஒன்றரை ஏக்கர்தான் என்னை இந்த வேலைக்கு இழுத்தது. போன போகத்தில் இன்னொரு உறுப்பினர் புல்லுக்கான சைஹலோபாப்பையும் அகன்ற இலைக் களைக்கான 2,4-டியையும் ஒன்றாகக் கலந்து அடித்தார். கடையில் சரி என்றார்களாம். புல் சாகவில்லை. இரண்டாவது மருந்து முதல் மருந்தின் வேலையைக் குறைத்துவிடுகிறது. அமெரிக்காவில் 2018இல் குவிசலோபாப் என்ற புல் மருந்தைத் தாங்கும் இன்னொரு வகை நெல் வந்தபோதும் இதே சிக்கல்தான். ப்ரொபனிலைக் கூடக் கலந்தால் களைநெல் சாவது குறைந்தது.

சரியாகக் கூட்டுவது என்றால் செடியை வேறு வேறு இடத்தில் தாக்கும் மருந்துகளை வேறு வேறு நேரத்தில் பயன்படுத்துவது. உலக அளவில் இவற்றுக்குப் பிரிவு எண் கொடுத்திருக்கிறார்கள்; செடியில் ஒரே இடத்தைத் தாக்கும் மருந்துகளுக்கு ஒரே எண். ப்ரெட்டிலாகுளோர் பிரிவு 15, பெண்டிமெத்தலின் பிரிவு 3, சைஹலோபாப் பிரிவு 1, 2,4-டி பிரிவு 4. நாம் நெல்லுக்கு அடிக்கும் பிஸ்பைரிபாக், பென்சல்பூரான் இரண்டும் பிரிவு 2. உளுந்தில் நம்மில் சிலர் அடிக்கும் இமசெத்தபைரும் பிரிவு 2தான். களைக்கொல்லி தாங்கும் நெல்லுக்கு அடிக்க வேண்டியதும் அதே பிரிவு 2! டப்பாவும் பெயரும் விலையும் வேறாக இருந்தாலும் மழைப் போகத்திலும் உளுந்திலும் கோடை நெல்லிலும் ஒரே பூட்டுக்கு ஒரே சாவியைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த அறிக்கையில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மாதிரி வயல் ஒரு ஏக்கர். நிலம் கொடுத்த உறுப்பினருக்குச் சங்கம் கடமைப்பட்டிருக்கிறது. அதை மூன்று பாத்தியாகப் பிரித்தோம். முதல் பாத்தியில் எப்போதும் செய்வதுபோல் விதைத்து பிஸ்பைரிபாக் மட்டும் அடித்தோம். இரண்டாவதில் விதைத்த மூன்றாம் நாள் பயிர்க்காப்பு (மருந்து நெல்லைப் பாதிக்காமல் காக்கும் பொருள்) சேர்த்த ப்ரெட்டிலாகுளோர், பிறகு பிஸ்பைரிபாக். மூன்றாவதில் முதல் மழைக்கே உழுது போட்டு, களைநெல்லை முளைக்கவிட்டு, மூன்று வாரம் கழித்து அதை மடித்துச் சேறாக்கி, பிறகு விதைத்து இரண்டாவது பாத்திபோலவே மருந்து கொடுத்தோம். கதிர் வந்ததும் சதுர கஜச் சட்டம் வைத்து நானும் இரண்டு இளைஞர்களும் எண்ணினோம். முதல் பாத்தியில் சட்டத்துக்குச் சராசரி 14 களைநெல் கதிர், இரண்டாவதில் 11, மூன்றாவதில் 3. குதிரைவாலியும் கோரையும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஏறக்குறைய இல்லை. அக்டோபர் வெள்ளத்தில் ஒரு பக்கம் மூன்று நாள் மூழ்கிவிட்டதால் விளைச்சலை எடை போட்டு ஒப்பிட முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் எண்ணிய கணக்கு நோட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புது விதை எதுவும் இல்லாமலே 14ஐ 3 ஆக்க முடிந்தது. நாளைக்கு அந்த விதை முறையாக வந்தாலும் இதே ஒழுங்குதான் அதையும் காப்பாற்றும். மண்ணைச் சுத்தம் செய்து, முளைக்கும் முன் வேறு பிரிவு மருந்து கொடுத்து, அப்புறம் பிரிவு 2 அடித்து, தப்பியதைப் பூக்கும் முன் கையால் பிடுங்க வேண்டும்.

இனி மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். 61 உறுப்பினர்களுக்கும் மருந்துப் பதிவேட்டு நோட்டு கொடுத்தோம். எந்த வயலில், எந்தத் தேதியில், எந்தப் பிரிவு மருந்து என்று மூன்று விஷயம் எழுதினால் போதும். எழுதித் திருப்பிக் கொடுத்தவர்கள் 11 பேர். ஜூலை மாதம் வயல் விளக்க நாளுக்கு வருவதாகச் சொன்னவர்கள் 40 பேர், வந்தவர்கள் 9 பேர். 40 பேருக்கும் சமைத்த பெண்கள் அன்று என்னிடம் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. களைநெல்லை ஒருவர் மட்டும் ஒழிக்க முடியாது. மேல் வயல்காரர் விட்டால் கீழ் வயல்காரருக்கு வரும். வராத உறுப்பினர் தன் வயலை மட்டும் விட்டுவிடவில்லை என்பதை அவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால் கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. மாதிரி வயலுக்கு ஆன செலவில் பெரும்பகுதி உழவு டீசலுக்கும் மருந்துக்கும் போனது. உழைப்புக் கூலி எதுவும் எழுதவில்லை. சந்தா 27 பேரிடம் பாக்கி. அதில் சிலருக்கு இரண்டு வருடப் பாக்கி. வெள்ளத்தில் நஷ்டப்பட்ட வீடுகளை நான் இதில் சேர்க்கவில்லை, அவர்களிடம் யாரும் கேட்கவும் மாட்டோம். மற்றவர்கள் கொடுக்க முடியும் என்பதை அறிந்துதான் சொல்கிறேன்.

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளருக்கும், கோயில் நிர்வாகத்துக்கும், மண்டபத்தைச் சுத்தம் செய்யும் தம்பிகளுக்கும், சமைத்துத் தந்த மாதர்களுக்கும், தமிழ் வகுப்பு ஆசிரியைகளுக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் மழைப் போகத்தில் ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் எட்டு வயல்களைச் சேர்த்து மூன்றாவது பாத்தி முறையைச் செய்து பார்க்க விரும்புகிறேன். அதற்கு எட்டு வீடும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஏழு போதாது. அந்த வாய்க்காலில் இருக்கும் ஐந்து பேர் என்னிடம் சரி என்று சொல்லிவிட்டார்கள். மீதி மூன்று பேரும் இன்று இங்கே வந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது எடுத்துக்கொண்டால் நோட்டுகளையும் சட்டத்தையும் மகிழ்ச்சியோடு ஒப்படைக்கிறேன். யாரும் எடுக்கவில்லை என்றால் இன்னும் ஓராண்டு நானே பார்க்கிறேன். புது நோட்டுகள் வாசலில் மேசைமேல் இருக்கின்றன. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தா ரசீதுப் புத்தகமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

வணக்கத்துடன்,
செயலாளர்