வேண்டாம் என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். தாத்தாவின் ஸ்பூல் டேப் ரெக்கார்டர் போன ஞாயிற்றுக்கிழமை வாய் திறந்துவிட்டது. ஏழு மாத வேலை. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். ஆனால் நான் ஆசைப்பட்டபடியெல்லாம் செய்திருந்தால் அது இந்நேரம் பழைய இரும்புக் கடையில் கிடந்திருக்கும். சரியான நேரத்தில் கையைப் பிடித்து "வேண்டாம்" என்றவர்கள் நீங்கள். அதற்குத்தான் இந்த மடல்.

அது கிரண்டிக் என்ற ஜெர்மன் கம்பெனியின் வால்வு மாடல், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து ரயிலில் கும்பகோணம் சேர்ந்தது என்று வீட்டில் சொல்வார்கள். பரணிலிருந்து இறக்கிய அன்றே பிளக்கைச் செருகப் போனேன். "ஐயையோ, கரண்டு கொடுத்துடாதே!" என்று போனிலேயே கத்தியவர், முன்பு எங்கள் தெருவில் ரேடியோ கடை வைத்திருந்த மெக்கானிக் ஐயா. வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டென்சருக்குள் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் கெட்டுவிடுமாம். திடீரென்று முழு வோல்டேஜும் பாய்ந்தால் கண்டென்சர் ஷார்ட் ஆகி, டிரான்ஸ்பார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். எண்பது வயதைத் தாண்டியவர், மறுநாளே ஒரு பலகையில் 60 வாட்ஸ் குண்டு பல்பைப் பொருத்தி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மெஷினுக்குப் போகும் கரண்டு அந்த பல்பு வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், மெஷின் தப்பிக்கும். எங்களுக்கு எரிந்தது, கல்யாண வீடு மாதிரி!

ஐயா, இன்னொன்றும் சொன்னீர்கள். பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சருக்குள் 250 வோல்ட் வரை ஒளிந்திருக்கும், ரெசிஸ்டர் வைத்து வடித்துவிட்டுத்தான் தொட வேண்டும். உள்ளே ஒரு கை வைக்கும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது மிக்சியைத் திறந்தால்கூட ஒரு கை தானாகப் பின்னால் போகிறது, வீட்டில் சிரிக்கிறார்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் என் பட்டியலைப் பார்த்த கடைக்காரர் அண்ணனுக்கு நன்றி. அலமாரியில் நான் கேட்ட அளவு கண்டென்சர் இருந்தது. "ரொம்ப நாள் ஸ்டாக் தம்பி, இதுவும் உங்க மெஷின் மாதிரிதான்" என்று கொடுக்க மறுத்து, புதுச் சரக்கு வைத்திருக்கும் அடுத்த சந்துக் கடையைக் காட்டினீர்கள். காகிதக் கண்டென்சர்களுக்குப் பதில் பாலியெஸ்டர் போடச் சொன்னதும் நீங்கள்தான். இதற்கு முன்னால் ஒருவர், மோட்டாரை மட்டும் கழற்றி எடுத்துக்கொள்கிறேன், மற்றதைத் தூக்கிப் போடுங்கள் என்றிருந்தார். அவருக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை, மன்னிக்கவும்.

டேப்பை அழுத்திப் பிடித்து இழுக்கும் ரப்பர் உருளை கல்லாகி, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம் என்று கிளம்பினேன். வட்டம் போய்விடும், டேப் அலையும் என்று தடுத்த லேத் பட்டறை அண்ணன், புது ரப்பர் ஏற்றிக் கடைந்து கொடுத்தார். டீக்காசு மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற சார்தான் டேப்பைக் காப்பாற்றியவர். பழைய டேப்பை மெல்லிய சூட்டில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று எங்கோ படித்துவிட்டு அடுப்புவரை போயிருந்தேன். ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார், ஒளி ஊடுருவியது. மோந்து பார்த்தார், லேசாக வினிகர் வாடை. "இது அசிடேட். சூடு காட்டினால் சுருண்டுவிடும். சூட்டில் வைப்பதெல்லாம் எழுபது எண்பதுகளில் வந்த, பசை பிசுபிசுக்கும் பாலியெஸ்டர் டேப்புக்கு" என்றார். டேப்பைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் தங்கியிருக்கும் காந்தத்தை எடுக்காமல் அசல் டேப்பைத் தொடக்கூடாது, முதலில் ஒரு வெற்று டேப்பை ஓட்டிப் பழகு என்றும் சொன்னார். பழகினேன். அது மூன்று முறை சிக்கியது. அசலாக இருந்திருந்தால்... நினைக்கவே வேண்டாம்.

ஒருவழியாகப் பச்சைக் கண் விளக்கு விரிந்து, 1966-இல் நடந்த அத்தையின் கல்யாண நாகஸ்வரம் ஒலித்தது. எனக்குச் சொர்க்கம். பக்கத்து வீட்டு நாகஸ்வர வித்வான் மட்டும் சுருதியைக் கேட்டு முகம் சுளித்தார் (சுருதியின் உயரத்தைத்தான் கட்டைக் கணக்கில் சொல்வார்கள்). "அப்பா வாசித்தது இரண்டரைக் கட்டை. இது இரண்டுதான் இருக்கு. இந்த வேகத்தில் பதிவு பண்ணிடாதீங்க." வாசித்தவரே அவருடைய அப்பா, எப்படி மறுக்க? வானொலி சாரிடம் சொன்னேன். டேப்பிலேயே பதிவாகியிருக்கும் மின்சார இரைச்சலைக் கணினியில் அளக்கச் சொன்னார். நம் ஊர் கரண்டின்படி 50 ஹெர்ட்சில் இருக்க வேண்டியது 47-இல் நின்றது. அரைக் கட்டைக் குறைவுக்குக் கணக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது! ரப்பர் உருளையோடு சேர்ந்து டேப்பை இழுக்கும் காப்ஸ்டன் தண்டின் தாங்கியில் எண்ணெய் காய்ந்து பசையாகிப் போயிருந்தது. துடைத்து இரண்டு சொட்டு விட்டதும் வேகம் ஏறியது.

அத்தையும் அந்தப் பதிவைக் கேட்டுவிட்டார். நாகஸ்வரம் தொடங்கும் முன் தாத்தாவின் குரல்: "யாரும் பேசாதீங்கோ, ஓடிண்டிருக்கு." உடனே நாலைந்து பேர் பேசுகிறார்கள். அதில் ஒருவர் பாட்டி, காபியில் சர்க்கரை போதுமா என்று கேட்கிறார். அத்தை அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னார். இரண்டு தடவைக்கு மேல் அசலை ஓட்ட மாட்டேன் என்று நானும் ஒரு "வேண்டாம்" சொன்னேன். இப்போது அவர் போனில் கணினிப் பதிவு இருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று கூடத்தில் மெஷினை வைத்து ஒரு முறை ஓட்டுகிறோம். எல்லோரும் வரவேண்டும். மெக்கானிக் ஐயாவை அழைத்துவர நானே ஆட்டோவில் வருகிறேன், பல்புப் பலகையையும் அன்றே திருப்பித் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
கிரண்டிக் வீட்டுப் பேரன்