நாலும் சேர்ந்து மின்னினால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் நேற்று கைக்கு வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. கட்டுப் பிரித்த பத்தாவது நாளே வண்டிக்கு எல்.இ.டி. இண்டிகேட்டர் மாட்ட உட்கார்ந்துவிட்டாயாமே. சந்தோஷமாக இருந்தது.

இடது பக்கம் போட்டால் நாலும் சேர்ந்து மின்னுகிறது, அதுவும் படபடவென்று அடிக்கிறது என்று எழுதியிருக்கிறாய். ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று எல்லாவற்றையும் மறுபடி அறுத்துப் பார்க்கப் போகிறாயாம். வேண்டாம். நீ கொடுத்த கனெக்‌ஷன் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இது இரண்டு தனித்தனிச் சங்கதி, ஒன்றாகச் சேர்ந்து உன்னைக் குழப்புகிறது.

வேகத்துக்குக் காரணம் பிளாஷர், அதாவது இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் அந்தக் குட்டிப் பெட்டி. பழைய பிளாஷர் பல்பு இழுக்கும் கரண்டை வைத்துத்தான் தாளம் போடும். 10 வாட் பல்பு இரண்டு சேர்ந்தால் 12 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எல்.இ.டி. இழுப்பது அதில் துளிதான். 'ஒரு பல்பு போய்விட்டது போல' என்று பிளாஷர் எடுத்துக்கொண்டு வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்னினால்தான் அது முறையான இண்டிகேட்டர்.

பழைய பல்பு போலக் கூடுதல் கரண்ட் இழுக்க, பக்கத்துக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தாய். சரியாகும்தான். ஆனால் நான் அதைச் செய்து பட்டவன். 10 ஓம் ரெசிஸ்டரை சீட்டுக்கு அடியில் கேபிள் டை போட்டுக் கட்டினேன். வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்துக்கொள், எரியும் நேரமெல்லாம் அதில் 20 வாட் வெறும் சூடாகப் போகிறது. ஒரு நீண்ட சிக்னலில் இண்டிகேட்டர் போட்டபடி நின்றேன், பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் சைடு கவரில் விரல் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. எல்.இ.டி.க்கென்றே வரும் எலெக்ட்ரானிக் பிளாஷரை வாங்கிப் போடு. செருகும் பின் மூன்று இருந்தால், பி என்று எழுதியிருப்பது பேட்டரி பக்கம், எல் சுவிட்ச் பக்கம், இ எர்த். பின் வரிசை பழையதைப் போலவே இருக்கும் என்று நம்பிச் செருகாதே, எழுத்தைப் பார்த்துச் செருகு.

நாலும் மின்னுவது வேறு கதை. உன் மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பச்சை விளக்குதானே? அந்தக் குட்டி பல்பின் ஒரு கால் இடது ஒயரிலும் இன்னொரு கால் வலது ஒயரிலும் இருக்கும். அதற்கென்று தனி எர்த் கிடையாது. இடது போட்டால் கரண்ட் அந்தப் பல்பு வழியாக வலது பக்கத்துப் பழைய பல்புகளின் இழைக்குள் போய் எர்த் ஆகும். அந்த இழைகள் எரிய அந்தக் கொஞ்சக் கரண்ட் போதாது, அதனால் இத்தனை வருஷம் நமக்குத் தெரியவே இல்லை. எல்.இ.டி.க்கோ அந்தச் சொட்டே போதும், எரிந்துவிடும். மீட்டர் பல்பைக் கழற்றிவிட்டு இடது போட்டுப் பார். வலது பக்கம் அமைதியானால் நான் சொன்னது உறுதி.

அப்புறம் 1என்4007 டையோடு இரண்டு போதும், டையோடு கரண்டை ஒரு திசையில் மட்டும்தான் விடும். வெள்ளிக் கோடு உள்ள முனைகள் இரண்டையும் சேர்த்து மீட்டர் பல்பின் ஒரு காலுக்குக் கொடு. கோடில்லாத முனைகளில் ஒன்று இடது ஒயருக்கு, மற்றது வலது ஒயருக்கு. பல்பின் இன்னொரு கால் எர்த்துக்கு. சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுவிடு. வெறும் டேப் சுற்றினால் மழையும் வெயிலும் பட்டுப் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

இங்கே பெரியவள் வேலைக்குப் போக என் பழைய வண்டியை எடுத்துக்கொண்டாள். ஹேண்டிலை வலப்பக்கம் திருப்பினால் மட்டும் முன் இடது இண்டிகேட்டர் மங்குகிறது என்றாள். இரண்டு நாள் படுத்திவிட்டது. பல்பைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் முழுசாகக் காட்டுகிறது, பல்பைப் போட்டதும் 3க்கு இறங்குகிறது. ஸ்டீயரிங் தலைக்குப் பக்கத்தில் ஒயரை விரலால் நசுக்கிக்கொண்டே போனேன், ஓரிடம் மட்டும் தொளதொளவென்று இருந்தது. உறையைக் கீறினால் உள்ளே செம்பு பச்சை பூத்து, ஒரே ஒரு இழை பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. பல்பைக் கழற்றி, லோடு இல்லாமல் வோல்ட் பார்த்து ஏமாந்துவிடாதே என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். புது ஒயரை அந்த இடத்தில் இழுத்துக் கட்டாமல், ஹேண்டில் இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பும் அளவுக்குத் தொய்வு விடு.

அவளுக்கு நான் எல்.இ.டி. போட்டுத் தரவில்லை. எலெக்ட்ரானிக் பிளாஷர் பெரும்பாலும் ஒரு விளக்கு போனாலும் அதே தாளத்தில்தான் அடிக்கும், ஓட்டுபவருக்குத் தெரியாது. பின்னால் லாரி வரும் சாலையில் போகிறவள். படபடவென்று அடித்து அந்தப் பழைய பிளாஷர் அவளிடம் சொல்லிவிடும். நீ போட்டுக்கொள், ஆனால் தினமும் கிளம்புமுன் நாலையும் போட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு ஏறு.

டையோடு வைத்ததும் என்ன ஆயிற்று என்று எழுது. சால்டர் புகை கண்ணில் படாமல் கண்ணாடி போட்டுக்கொள், சொட்டு மருந்தை நேரத்துக்கு விடு.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்