கர்சிவ் எழுத்துக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழில் வரும் வாழ்த்து விளம்பரங்களில் பெயர்களை ஆங்கிலத்தில், கர்சிவ் எழுத்துருவில், அதாவது கையால் சேர்த்து எழுதியதுபோல எழுத்துகள் கோத்து வரும் எழுத்துருவில் போடுவது கூடிக்கொண்டே போகிறது. எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. பெயரைத்தான் படிக்க முடியவில்லை. நான் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை பார்ப்பவள். அழைப்பிதழ், சான்றிதழ், விசிட்டிங் கார்டு என்று நாள் முழுக்க இந்த எழுத்துருக்களோடுதான் இருக்கிறேன். அவை மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அவற்றைக் கண்டபடி போடுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

பெயர் முழுவதையும் கேப்பிடல் எழுத்தில் போடுவதுதான் பெரிய தொல்லை. சமீபத்தில் ஒரு சான்றிதழ் திருத்தத்துக்கு வந்தது. 'ஷாலினி' என்ற பெயர், ஏழு எழுத்தும் கேப்பிடல். 'எஸ்' எழுத்தின் வால் சுழித்துக்கொண்டு போய் 'ஹெச்' மேல் ஏறியிருந்தது. 'ஐ' எது, 'ஜே' எது என்று தெரியவில்லை. முதல் எழுத்தை மட்டும் கேப்பிடலாக விட்டுவிட்டு மற்றவற்றைச் சின்ன எழுத்தாக மாற்றினேன். அவ்வளவுதான், பேனாவை எடுக்காமல் ஒரே மூச்சில் எழுதியதுபோலப் பெயர் கோத்துக்கொண்டு வந்தது. இந்த எழுத்துருக்களில் கேப்பிடல் எழுத்து, சொல்லின் முதலில் தனியாக நிற்பதற்காக வரையப்பட்டது. அதன் சுழிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு சுழிப்பு வந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

இந்தச் சுழிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதை எப்படி வைப்பது என்பதும் புரியும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் கையெழுத்து கற்பித்த ஆசிரியர்கள், கூராகச் சீவிய இறகுப் பேனாவால் எழுதிய 'ரவுண்ட்ஹேண்ட்' பாணி இது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் முனை விரிந்து கோடு தடிக்கும். மேலே ஏறும்போது கை லேசாக இருந்தால் மயிரிழை போல மெல்லிய கோடு விழும். ஜார்ஜ் பிக்ஹாம் என்ற செதுக்குக் கலைஞர் அப்படிப்பட்ட பலரின் கையெழுத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கி, 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். இன்று கணினியில் இருக்கும் பிக்ஹாம் ஸ்கிரிப்ட் என்ற எழுத்துரு அவர் பெயரைத் தாங்கியதுதான். சார்லஸ் ஸ்நெல் என்ற ஆசிரியரின் கையெழுத்தை வைத்து எழுத்துரு வடிவமைப்பாளர் மேத்யூ கார்ட்டர் 1960-களில் ஸ்நெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துருவை உருவாக்கினார். ஈயத்தில் வார்த்த எழுத்துகளைக் கோத்து அச்சிட்ட காலத்தில் இந்தப் பாணி பெரும்பாடு. சாய்ந்த எழுத்தின் நுனி, அது நிற்கும் ஈயக் கட்டைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், எளிதில் உடைந்துவிடும். எழுத்தை ஒளிப்பட முறையில் கோக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கட்டு விட்டது. இப்போது ஓப்பன்டைப் என்ற வகைக் கணினி எழுத்துருக்களில், சொல்லின் முதலில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் நீண்ட வாலோடு ஒன்று என்று ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் இருக்கின்றன. பலர் அந்த வசதியைத் திறந்தே பார்ப்பதில்லை.

இன்னொன்று, எழுத்துகளுக்கு இடையில் இடைவெளியைக் கூட்டுவது. மற்ற எழுத்துருக்களில் அது எடுப்பாக இருக்கலாம். கர்சிவில் எழுத்துகளைச் சேர்க்கும் கோடு அறுந்து, சொல் துண்டுதுண்டாகிவிடும்.

அப்புறம் அளவு. இவற்றில் சின்ன எழுத்தின் உடல் மிகவும் குட்டை. மேலும் கீழும் போகும் கொடிகளே உயரத்தையெல்லாம் எடுத்துக்கொள்ளும். 12 பாயிண்டில் (பாயிண்ட் என்பது எழுத்தின் அளவைச் சொல்லும் அலகு) போட்டாலும் கண்ணுக்கு ஏறக்குறைய 8 பாயிண்ட் மாதிரிதான் தெரியும். வழவழப்பான அட்டையில் அதையும் ஒருவாறு படித்துவிடலாம். செய்தித்தாள் மை உறிஞ்சும், மயிரிழைக் கோடு அதில் தாங்காது. கறுத்த பின்னணியில் வெள்ளை எழுத்தாக வைத்தால் இன்னும் மோசம். பின்னணி நான்கு வண்ணங்கள் சேர்ந்து உருவானதாக இருந்து, அதில் ஒன்று இம்மி விலகினாலும் போதும், மெல்லிய கோடெல்லாம் மையில் மூழ்கிவிடும்.

அதற்காக ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. சான்றிதழில் அதை வாங்குபவரின் பெயர், அழைப்பிதழில் மணமக்கள் பெயர், ஒரு நிறுவனத்தின் முத்திரைச் சொல், பெயர்களின் முதலெழுத்து இரண்டைப் பின்னிப் போடும் மோனோகிராம் ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து எனக்குத் தெரிந்து கிடையாது. 36 பாயிண்டில், சுற்றிலும் வெள்ளை இடம் விட்டு, கீழே நேராக நிற்கும் சாதாரண எழுத்துருவில் மற்ற விவரங்களை வைத்துப் பாருங்கள், பக்கமே நிமிர்ந்து உட்காரும். தேதி, முகவரி, தொலைபேசி எண் மட்டும் கர்சிவில் வேண்டவே வேண்டாம்.

தமிழிலும் இந்த அழகு வேண்டும் என்று இருக்கிற எழுத்துருவைக் கணினியில் சாய்த்துவிடுகிறார்கள். சாய்த்தால் அது சாய்ந்த எழுத்து, அவ்வளவுதான். கொம்பும் சுழியும் வளைந்து முடியும் இடத்தில் பேனா எப்படித் திரும்புகிறது என்று பார்த்து, கையால் எழுதி, அதிலிருந்து எழுத்துருக்கள் இன்னும் நிறைய வரவேண்டும். தமிழுக்கு அந்த நெளிவு இயல்பாகவே இருக்கிறது.

உங்கள் விளம்பரப் பிரிவுக்கு ஒரு வேண்டுகோள். கர்சிவில் வரும் பெயர்களை அச்சுக்கு அனுப்பும் முன், திரையில் பெரிதாக்கிப் பார்க்காமல், உண்மையான அளவில் செய்தித்தாளிலேயே ஒரு பிரதி எடுத்து, அந்தப் பெயரை முன்பே அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் விளம்பரம் கொடுத்தவரிடம் பேசி அளவைக் கூட்டுங்கள், இல்லையென்றால் எழுத்துருவை மாற்றுங்கள்.

இப்படிக்கு,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்