செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: குடியிருப்போர் நலச் சங்கம், கடலூர்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, வடிகால் மனுக்கள் வழக்கம்போல் போயின. வழக்கம்போலவே பாதிக்குப் பதில் இல்லை. இந்த ஆண்டு நான் விரிவாகச் சொல்ல வேண்டியது மனநல உதவிக் குழு பற்றித்தான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அப்புறம் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து நம் ஆற்றோரத் தெருக்களை மூழ்கடித்தது. பால், பாய் என்று நாம் ஓடிக்கொண்டிருக்க, ஓர் அம்மா கேட்டது மகனுடைய மாத்திரையை. மருந்துச் சீட்டு பீரோவின் கீழ்த்தட்டிலேயே கூழாகிவிட்டது. "ராத்திரிக்கு ஒரு மஞ்சள், பாதி வெள்ளை" என்பதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. சீட்டில்லாமல் கடைக்காரர் தர மறுத்தார். அவர் செய்தது சரிதான். தண்ணீர் வடிவதற்குள் பையனுக்குத் தூக்கம் போய், பழைய தொந்தரவு திரும்பிவிட்டது.

அதன்பின் வீடு வீடாகக் கேட்டோம். அரசு மருத்துவமனை தூரமில்லை, மாத்திரையும் இலவசம். ஆனால் பார்ப்பது காலையில். சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் துணைக்கு வருகிறவருக்கும் அன்றையக் கூலி போய்விடும். மாடி வீட்டுக்காரர் மாலையில் தனியார் கிளினிக்கில் டோக்கன் போட்டுப் பார்த்துவிடுகிறார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. நம் தெருவில் அது கூலியைப் பொறுத்தே கிடைக்கிறது. ஒற்றை அறை வீடு, தேங்கிய தண்ணீரில் கொசு, நள்ளிரவுவரை மண்டபத்து ஸ்பீக்கர். தூக்கம் கலையக்கூடாதவர்கள் இருக்கும் இடம் இதுதான்.

குழு இப்போது சீட்டைச் செல்போனில் படமெடுத்து வைக்கச் சொல்லித் தருகிறது. நகலைச் சங்கத்தில் வாங்கி வைப்பதில்லை. யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது நமக்குத் தேவையில்லை. மனநல ஆலோசனைக்கான அரசின் 24 மணி நேர இலவசத் தொலைபேசிச் சேவையான டெலி-மனஸ் எண் 14416ஐச் சந்தா ரசீதின் பின்புறம் அச்சிட்டோம். எல்லார் வீட்டுக்கும் போவதால் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

"இதெல்லாம் வெளியே தெரிந்தால் மனை விலை இறங்கிடும்" என்றார் ஓர் உறுப்பினர். வெள்ளம் இறக்கியதைவிடவா?

வாரம் ஒரு மாலையாவது மனநலப் புறநோயாளிகள் பிரிவைத் திறக்கக் கேட்டு மனு கொடுக்கவும், துணைக்குப் போகிறவரின் ஆட்டோ செலவைச் சங்க நிதியில் கொடுக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதல் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்